வயல்வெளியில் வந்த சில்லுத் தொழிற்சாலை
பினாங்கு கண்ட மாற்றமும் நம் பிள்ளைகளின் நாளையும்



"கூலிம் பக்கம் புதுசா பெரிய பெக்டரி வருதாம், ஆயிரக்கணக்குல ஆள் எடுப்பாங்களாம்" என்று யாராவது வந்து சொன்னால் நாம் முதலில் என்ன கேட்போம்? "சம்பளம் எவ்வளவு? பஸ் வீட்டு வாசலுக்கு வருமா? ஓவர்டைம் உண்டா?" என்றுதான் கேட்போம். உழைத்துச் சாப்பிடுகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள்தாம் இவை. ஆனால் இவற்றோடு இன்னொரு கேள்வியையும் கேட்கப் பழக வேண்டும். அந்தத் தொழிற்சாலை வந்து இருபது, முப்பது வருஷம் ஆனபின் அந்த வட்டாரம் என்னவாகும்? அதில் நம் பிள்ளைக்கு எந்த இடம் கிடைக்கும்?

இதற்குப் பதில் தேடிச் சோதிடரிடம் போக வேண்டியதில்லை. அரை நூற்றாண்டுக்கு முன் நம் பக்கத்திலேயே, பினாங்கில், இது நடந்தேறியிருக்கிறது. அந்தக் கதையைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

சில்லு என்பது என்ன?

மின்சாரம் செம்புக் கம்பியில் தாராளமாக ஓடும். நாம் பால்மரத்திலிருந்து எடுக்கும் ரப்பரில் ஓடவே ஓடாது. இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கும் பொருள்கள் சில உண்டு. அவற்றுக்குக் குறைக்கடத்தி என்று பெயர். செமிகண்டக்டர் என்று நாளிதழில் படிக்கிறோமே, அதுதான். அவற்றுள் முதன்மையானது சிலிக்கன். மணலில் நிறைந்து கிடப்பது. அதைச் சுத்தம் செய்து, உருக்கி, உருளையாக இழுத்து, அப்பளம் போல மெல்லிய வட்டத் தகடுகளாக அறுக்கிறார்கள். ஒவ்வொரு தகட்டின்மேலும் கண்ணுக்குத் தெரியாத நுணுக்கமான மின்பாதைகளைப் பதித்து நூற்றுக்கணக்கான சில்லுகளை உண்டாக்குகிறார்கள். இது முதல் பாதி வேலை.

இரண்டாம் பாதியில், தகட்டை வெட்டிச் சில்லுகளைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொன்றையும் ஒரு சட்டத்தில் ஒட்டி, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியால் இணைப்புக் கொடுத்து, கறுப்பு உறையிட்டு மூடி, சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்க வேண்டும். 1960-களில் இந்தப் பாதிக்கு ஏராளமான கைகள் தேவைப்பட்டன. அமெரிக்காவில் கூலி அதிகம். ஆகவே முதல் பாதியைத் தங்கள் நாட்டில் வைத்துக்கொண்டு, இரண்டாம் பாதியைக் கூலி குறைந்த நாடுகளுக்கு அனுப்பலாம் என்று அமெரிக்கக் கம்பெனிகள் கணக்குப் போட்டன. சில்லோ கடுகுபோலச் சிறியது. ஈயத்துக்கும் ரப்பருக்கும் கப்பல் வேண்டும். சில்லுக்கு விமானம் போதும்.

பினாங்கு வாடியிருந்த காலம்

1786-இல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய நாளிலிருந்து பினாங்கு துறைமுகத்தை நம்பி வாழ்ந்த தீவு. வரியில்லாத் துறைமுகம் என்ற சலுகையால் கடையும் கிட்டங்கியும் நிறைந்திருந்தன. அந்தச் சலுகை 1969-இல் பறிபோயிற்று. வியாபாரம் படுத்தது. அக்காலத்தில் பினாங்கில் வேலை தேடி அலைந்தோர் ஏறக்குறைய 15 விழுக்காடு என்பர். படித்த இளைஞர்கள் காப்பிக் கடையில் உட்கார்ந்து பொழுதைக் கழித்த காலம் அது.

அதே 1969-ஆம் ஆண்டு டாக்டர் லிம் சோங் இயூ முதலமைச்சரானார். 1990 வரை அப்பதவியில் இருந்தவர் அவர். அவ்வாண்டே பினாங்கு மேம்பாட்டுக் கழகம் நிறுவப்பட்டது. பழைய துறைமுக வியாபாரத்தையே நம்பியிருந்தால் விமோசனமில்லை, வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைகளைக் கொண்டு வர வேண்டும் என்பது 1970-இல் வெளியான நேதன் அறிக்கையின் ஆலோசனை. 1960-களின் கடைசியிலேயே சிங்கப்பூர் அமெரிக்கச் சில்லுக் கம்பெனிகளை அழைத்துவிட்டது. நாமும் முயன்றால் என்ன என்ற துணிவு பினாங்குக்கும் பிறந்தது. 1971-இல் சுதந்திர வர்த்தக வட்டாரச் சட்டம் வந்தது. 1972-இல் விமான நிலையத்துக்கு அருகே, பாயான் லெப்பாஸ் வயல்வெளியில், நாட்டின் முதல் சுதந்திர வர்த்தக வட்டாரம் எழுந்தது. உள்ளே வரும் சரக்குக்குச் சுங்கவரி இல்லை. புதிய கம்பெனிகளுக்குச் சில ஆண்டுகள் வருமான வரியும் இல்லை.

முதலில் வந்தவை எட்டுக் கம்பெனிகள். நேஷனல் செமிகண்டக்டர், இன்டெல், ஏ.எம்.டி., ஹியூலட் பேக்கார்ட், லிட்ரோனிக்ஸ், ஹிட்டாச்சி, கிளாரியன், போஷ் என்பன அவை. 'எட்டுச் சாமுராய்கள்' என்று இன்றும் பினாங்கில் பெருமையாகச் சொல்வார்கள். இவற்றுள் இன்டெல் 1972-இல் 5 ஏக்கர் நிலத்தில் 1.6 மில்லியன் அமெரிக்க டாலர் முதலீட்டில் தொடங்கிற்று. அமெரிக்காவுக்கு வெளியே அக்கம்பெனி கட்டிய முதல் தொழிற்சாலை அதுதான். 1975-இல் அது தீக்கிரையாயிற்று. கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டு போய்விடும் என்று அஞ்சியவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் போகவில்லை, மறுபடியும் கட்டிற்று.

உருப்பெருக்கிக்கு முன் உட்கார்ந்த பெண்கள்

அந்தத் தொழிற்சாலைகளை நடத்திக் காட்டியவர்கள் யார் தெரியுமா? பெரும்பாலும் 16 வயதிலிருந்து 25 வயதுக்குள் இருந்த இளம்பெண்கள். கெடா, பேராக் கம்பங்களிலிருந்து வந்த மலாய்ப் பெண்கள் மிகுதி. சீனப் பெண்களும் நம் தமிழ்ப் பெண்களும் அவர்களோடு இருந்தார்கள். இரவு பகலாக முறைவேலை. உருப்பெருக்கியில் கண்ணைப் பதித்துத் தங்கக் கம்பியைப் பொருத்தும் வேலை. சில வருஷங்களில் கண் எரிச்சலும் பார்வைக் கோளாறும் வந்து சேரும். ஊரார் சிலர் அவர்களை 'மினா காரான்' என்று கேலி பேசினார்கள். 'கரண்டுப் பெண்' என்பது போன்ற ஏளனப் பெயர் அது. ஆனால் அந்தப் பெண்கள் அனுப்பிய பணத்தில்தான் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிந்தது. தம்பி தங்கைகள் பள்ளிக்கூடம் போனார்கள். கேலி பேசிய வாய்கள் அதை மறந்துவிட்டன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோட்டத்தில் உழைத்த நம்மவருக்கு 1954-லேயே தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் இருந்தது. மின்னணுத் தொழிலாளர்களுக்கோ நெடுங்காலம் சங்கம் அமைக்கவே வழியில்லை. 1988-க்குப் பிறகுதான், அதுவும் ஒவ்வொரு கம்பெனிக்குள்ளும் தனித்தனிச் சங்கம் என்ற அளவில், கதவு கொஞ்சம் திறந்தது. முதலீட்டாளர் மனம் கோணக்கூடாது என்பதற்காகத் தொழிலாளி கொடுத்த விலை இது. ஒரு வட்டாரத்தின் வளர்ச்சியைப் பேசும்போது இந்தக் கணக்கையும் எழுத வேண்டும்.

அதே காலத்தில் நம் தோட்டங்கள்

பாயான் லெப்பாஸில் சங்கு ஊதியபோது நம் தோட்டங்களில் என்ன நடந்தது? செயற்கை ரப்பர் வந்து ரப்பர் விலையை அமுக்கிவிட்டது. வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள். துண்டாடலைத் தடுக்க, துன் வீ.தி. சம்பந்தன் அவர்களின் தலைமையில் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார்கள். அப்படியும் எல்லாத் தோட்டங்களையும் காக்க முடியவில்லை. 1969-இல் வேலை பெர்மிட் சட்டம் நடப்புக்கு வந்தபோது, குடியுரிமை இல்லாத நம்மவர் பல்லாயிரம் பேர் கப்பலேறினார்கள். பால்மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு அவ்வளவு ஆள் வேண்டியதில்லை.

அப்படியானால் நம்மவர் கூட்டங்கூட்டமாகப் புதுத் தொழிற்சாலைகளுக்குப் போயிருக்கலாமே என்று இன்றைய பிள்ளைகள் கேட்கலாம். பிறை, பட்டர்வொர்த் பக்கம் இருந்தவர்கள் போனார்கள். உட்புறத் தோட்டத்தில் இருந்தவர்களுக்கு அது எளிதாக இல்லை. குடியிருந்த லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும், மத்தியானம் பால் கொண்டுபோய் நிறுக்க வேண்டும். கோயிலும் பள்ளிக்கூடமும் கடைக் கணக்கும் எல்லாம் அந்த வேலிக்குள்ளேயே. தோட்டம் நம்மைக் காப்பாற்றிற்று, கட்டியும் போட்டது. பின்னாளில் தோட்டங்கள் வீட்டு மனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, நம்மில் பலர் கையில் தொழில் எதுவுமில்லாமல் பட்டணத்தின் ஓரத்துக்கு வந்து சேர்ந்தோம். 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன என்பார்கள். இன்று 500-க்குச் சற்று மேல்தான் இருக்கின்றன. பள்ளிகளின் கணக்கிலேயே தோட்டங்களின் கதை தெரிந்துவிடுகிறது.

கூலியோடு நிற்காத ஊர்

மறுபடியும் பினாங்குக்கு வருவோம். தொழிற்சாலை வந்ததால் மட்டும் ஊர் செழித்துவிடவில்லை. 1985, 1986-இல் உலகச் சந்தையில் சில்லு விலை சரிந்தபோது ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். 2001-இலும் அதே அடி விழுந்தது. எங்கோ கலிபோர்னியாவில் ஒரு மேசையில் முடிவெடுத்தால் இங்கே ஒரு குடும்பத்தில் சம்பளம் நிற்கும் என்பதை அப்போது எல்லாரும் அறிந்துகொண்டார்கள். கையால் செய்த வேலைகள் பலவற்றை இயந்திரங்களும் எடுத்துக்கொண்டன. உருப்பெருக்கிப் பெண்களின் வரிசை குறைந்தது.

இருந்தும் பினாங்கு விழுந்துவிடவில்லை. ஏன்? மூன்று காரணங்கள் சொல்லலாம்.

முதலாவது, பட்டறைகள். பெரிய தொழிற்சாலை ஓட வேண்டுமானால் அச்சு, பிடிப்பான், உதிரிப்பாகம் என்று நூறு சாமான் வேண்டும். தொடக்கத்தில் எல்லாம் கடல்தாண்டி வந்தன. பிறகு உள்ளூர்ச் சிறு பட்டறைக்காரர்கள் "நாங்க செஞ்சு தர்றோம்" என்று முன்வந்தார்கள். முதலில் சின்ன இரும்புச் சாமான், அப்புறம் நுணுக்கமான கருவி, அதற்கப்புறம் முழு இயந்திரம் என்று அவர்கள் கை தேர்ந்தது.

இரண்டாவது, வேலை பார்த்தவர்களே முதலாளி ஆனார்கள். பன்னாட்டுக் கம்பெனிகளில் தொழில் கற்ற பொறியாளர்கள் வெளியே வந்து சொந்த நிறுவனம் தொடங்கினார்கள். 1991-இல் தோன்றிய பென்டாமாஸ்டரும், 2000-இல் தோன்றிய விட்ராக்ஸும் அப்படி உள்ளூர்ப் பொறியாளர்கள் தொடங்கியவைதாம். இன்று அவை வெளிநாடுகளுக்கு இயந்திரங்கள் விற்கின்றன.

மூன்றாவது, பயிற்சி. 1969-இல் தோன்றிய அறிவியல் பல்கலைக்கழகம் பட்டதாரிகளைத் தந்தது. 1989-இல் மாநில அரசும் கம்பெனிகளும் சேர்ந்து பினாங்கு திறன் மேம்பாட்டு மையத்தை நிறுவின. சந்தையில் ஒன்றோடொன்று போட்டியிடும் கம்பெனிகள், தொழிலாளிக்குப் பயிற்சி கொடுப்பதில் மட்டும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன.

இவற்றால் ஊரின் முகமே மாறிற்று. பாயான் பாரு என்ற புதுநகர் எழுந்தது. அதுவரை படகை நம்பியிருந்த தீவுக்கு 1985-இல் 13.5 கிலோமீட்டர் நீளப் பாலம் வந்தது. 1969-இல் வேலையில்லாமல் தவித்த மாநிலம், 1990-களில் ஆள் கிடைக்காமல் வெளிநாட்டுத் தொழிலாளர்களைத் தேடிற்று. இன்று உலகில் சில்லுகளுக்கு உறையிட்டுச் சோதிக்கும் வேலையில் சுமார் 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது. நாட்டின் ஏற்றுமதியில் ஐந்தில் இரண்டு பங்கு மின், மின்னணுப் பொருள்கள்.

ஆனால் தைவானைப் பாருங்கள். அவர்களும் 1960-களில் நம்மைப்போல் உறையிடும் வேலையில்தான் தொடங்கினார்கள். 1976-இல் அவர்கள் அரசாங்கமே அமெரிக்கக் கம்பெனியொன்றிடம் தொழில்நுட்பத்தை வாங்கி, தம் இளம் பொறியாளர்களை அங்கே அனுப்பிக் கற்றுவரச் செய்தது. 1987-இல் டி.எஸ்.எம்.சி. நிறுவனம் தோன்றிற்று. இன்று உலகத்தின் மிக நுட்பமான சில்லுகளில் பெரும்பகுதியை அதுவே செய்கிறது. நாம் நெடுநாள் இரண்டாம் பாதியிலேயே நின்றுவிட்டோம். கற்றுக்கொண்ட அளவுக்குத்தான் ஒரு நாடு உயரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இப்போது கூலிம்

இனி நம் காலத்துக்கு வருவோம். ஒரு காலத்தில் எங்கு பார்த்தாலும் பால்மரமும் செம்பனையும் நின்ற வட்டாரம் கெடாவின் கூலிம். அங்கே 1996-இல் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. ஜெர்மனியின் இன்பினியன் கம்பெனி 2006-இல் அங்கே தொழிற்சாலை திறந்தது. உறையிடும் வேலை அன்று. தகட்டிலே சில்லு பதிக்கும் முதல் பாதி வேலை. 2022-இல் 2 பில்லியன் யூரோ செலவில் மூன்றாவது கட்டடம் கட்டப்போவதாக அறிவித்து, 2023-இல் மேலும் 5 பில்லியன் வரை சேர்ப்பதாகச் சொல்லி, 2024 ஆகஸ்டில் முதல் கட்டத்தைத் திறந்தது. மின்சாரக் கார்களுக்கும் சூரிய ஒளி மின்சாரத்துக்கும் வேண்டிய சில்லுகள் அங்கே உருவாகின்றன. முழுவதும் முடிந்தால் 4,000 பேர் வரை வேலை கிடைக்கும் என்பது அக்கம்பெனியின் கணக்கு.

முதலீட்டுத் தொகையை எண்ணிப் பார்த்தீர்களா? கோடிக்கணக்கில் கொட்டினாலும் வேலை சில ஆயிரம்தான். 1972-ஐப்போல் வாசலில் வரிசையாக நிற்கவைத்து, கண்பார்வையைச் சோதித்து, மறுநாளே வேலைக்கு எடுக்கும் காலம் மலையேறிவிட்டது. தூசு புகாத அறையில் இயந்திரங்களே தகடுகளைத் தூக்கிப் போகின்றன. அந்த இயந்திரத்தைப் பழுது பார்க்கத் தெரிந்தவர், அது காட்டும் எண்களைப் படித்துத் தப்பு எங்கே என்று சொல்லத் தெரிந்தவர், இரசாயனத்தையும் தண்ணீரையும் சுத்தமாக வைத்திருக்கத் தெரிந்தவர் ஆகியோரே வேண்டும். 2024 மே மாதம் அரசாங்கம் அறிவித்த தேசிய செமிகண்டக்டர் திட்டத்திலும் 60,000 பொறியாளர்களை உருவாக்குவது ஒரு குறிக்கோள்.

ஆபத்தும் இல்லாமலில்லை. பினாங்கில் 10 ஆண்டுகளில் 30 பில்லியன் ரிங்கிட் போடுவதாக 2021-இல் அறிவித்த இன்டெல், 2024-இல் உலகெங்கும் 15,000 பேரைக் குறைப்பதாகவும் அறிவித்தது. தொழிற்சாலை வரும் இடத்தில் வீட்டு வாடகை ஏறும். சில்லுத் தொழிலுக்குத் தண்ணீரும் ஏராளமாக வேண்டும். பினாங்கின் குழாய்த் தண்ணீரே பெரும்பாலும் கெடா வழியாக ஓடிவரும் சுங்கை மூடா ஆற்றிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. ஆகவே தொழிற்சாலை வருகிறது என்றதும் கை தட்டிவிட்டுச் சும்மா இருக்க முடியாது.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை

நம் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். தொழிற்சாலை கொடுக்கும் சம்பளம், அது ஓடும் வரைதான். அதிலே நம் பிள்ளை கற்றுக்கொண்ட தொழில், தொழிற்சாலை மூடினாலும் அவனோடு வரும், அவளோடு வரும். பினாங்கு பிழைத்தது அந்தத் தொழிலால்தான். நம் சமூகமும் அந்த வழியில்தான் பிழைக்க முடியும்.

அதே வாசலில் காவல்காரர் வேலை உண்டு, பஸ் ஓட்டும் வேலை உண்டு, துப்புரவு வேலை உண்டு. எந்த உழைப்பும் இழிவில்லை. 2013-இல் 900 ரிங்கிட்டில் தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் 1,700 ஆகியிருப்பதும் நல்லதே. ஆனால் நம் பிள்ளைகள் எல்லாருமே வாசலோடு நின்றுவிட்டால், 1972-இல் வேலிக்குள் கட்டுண்டு நின்ற நாம், இப்போது வேலிக்கு வெளியே நிற்கிறோம் என்றுதான் ஆகும்.

என்ன செய்யலாம்? பிள்ளையை ஐந்தாம் படிவம் முடியும்வரை பள்ளியில் வையுங்கள். "மூணாம் படிவம் போதும், வேலைக்குப் போய் ரெண்டு காசு கொண்டு வரட்டும்" என்ற எண்ணம் அவசரத்தில் வருவது இயல்பு; அந்த இரண்டு காசுக்கு இருபது வருஷச் சம்பளம் போய்விடுகிறது. தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போதுதான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். புகுமுக வகுப்பில் மனம் உடைந்து பின்தங்குகிறவர்கள் பலர். அந்த ஒன்றிரண்டு வருஷம் கூடவே நில்லுங்கள். கணக்கும் அறிவியலும் கசந்தாலும் விட்டுவிட விடாதீர்கள். எஸ்.பி.எம். முடித்ததும் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லையென்றால் எல்லாம் முடிந்தது என்று எண்ண வேண்டாம். பாலிடெக்னிக் இருக்கிறது, தொழிற்பயிற்சிக் கல்லூரிகள் இருக்கின்றன. இயந்திரம் பழுதுபார்க்கத் தெரிந்தவருக்கு இன்று எங்கும் கிராக்கி உண்டு. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு மெஷின் வேலை?" என்று கேட்கிறவர்களுக்கு, பினாங்கின் சில்லுத் தொழிலைத் தொடங்கி வைத்ததே பெண்கள்தாம் என்று சொல்லுங்கள்.

நம் முன்னோர் நிலமே செல்வமாக இருந்த காலத்தில் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கினார்கள். இன்று அதே சிக்கனத்தையும் பிடிவாதத்தையும் பிள்ளைகளின் தொழிற்கல்விக்குப் போட வேண்டும்.

மாணவச் செல்வங்களே! இன்று மேடையேறிப் பரிசு வாங்கியவர்களுக்கு வாழ்த்துகள். வாங்காதவர்களும் சோர்ந்துவிட வேண்டாம். கூலிம் தொழிற்சாலையில் ஆள் எடுக்கும்போது மூன்றாம் ஆண்டில் முதல் பரிசு வாங்கினாயா என்று யாரும் கேட்கப் போவதில்லை. கணக்குத் தெரியுமா, இயந்திரத்தைக் கழற்றி மாட்டத் தெரியுமா என்றுதான் கேட்பார்கள். "தெரியும்" என்று தலை நிமிர்ந்து சொல்ல, இன்றிலிருந்தே ஆயத்தமாகுங்கள்.

வளர்க நம் பள்ளி! உயர்க நம் பிள்ளைகள்!